பன்னிரண்டு திரைகளுக்கு ஒரு காலிங்பெல்

ஜூன் 5, திங்கள்

இன்று காலை பத்து இருபதுக்குப் போர் அறிவித்தேன்.

எதிரி, எங்கள் காற்றாலைப் பண்ணையின் மேலாளர் கிருபாகரன். கோயம்புத்தூர்க்காரர். ஆனி மாதக் காற்றிலும் தலைமுடி கலையாதவர், அதனாலேயே நம்பத் தகாதவர். என் தரப்பில் நான், முப்பிடாதி, அவளுடைய சக்கர நாற்காலி.

பிற்காலத்தில் இந்த டைரியைக் கண்டெடுத்துக் கல்வெட்டாகச் செதுக்கப்போகிறவர்களுக்காகச் சில விவரங்கள். என் பெயர் ஆவுடையப்பன். வயது ஐம்பத்தேழு. பண்ணையில் எல்லோருக்கும் மாமா. சுரண்டைக்குத் தெற்கே செம்மண் காட்டில் நூற்றுப் பன்னிரண்டு காற்றாடிகள் சுற்றுகின்றன. அவை காற்றால் சுற்றுவதாக ஊரார் நம்புகிறார்கள். உண்மையில் அவற்றைச் சுற்றவைப்பது என் முறைப்புதான்.

நான்கு வெவ்வேறு கம்பெனிகள் செய்த காற்றாடிகள். ஒன்றின் மென்பொருள் மற்றொன்றோடு பேசாது. சீர்வரிசையில் மனத்தாங்கல் வந்த சம்பந்திகள் மாதிரி. அதனால் கண்ட்ரோல் ரூமில் நான்கு கம்ப்யூட்டர்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று திரைகள்: இடப்பக்கம் எல்லாக் காற்றாடிகளின் பட்டியல், நடுவில் நாம் தேர்ந்தெடுத்த காற்றாடியின் நிலைமையும் கோளாறும், வலப்பக்கம் காற்றின் வேகம். ஆக மொத்தம் பன்னிரண்டு. முருகனுக்கும் பன்னிரண்டு கண்தான். ஆனால் அவனுக்குக் கையும் பன்னிரண்டு. எனக்குக் கம்பெனி சேர்த்துத் தரவில்லை.

அறை முன்பு ஜெனரேட்டர் இருந்த இடம். உள்ளே மூன்று படி ஏறினால் மேடை. மேடையில் சுவரோரமாக நான்கு மேசைகள். நான்கு வருடமாக என்னோடு அங்கே வேலை பார்த்தவள் முப்பிடாதி. பிப்ரவரியில் ஸ்கூட்டரில் போனவளை லாரி தட்டிவிட்டது. கால்கள் இரண்டும் இன்னும் பேச்சு கேட்பதில்லை. நான்கு மாதம் கழித்து இன்று வேலைக்கு வந்தாள். மூன்று படிக்குக் கீழே வந்து நின்றாள்.

கிருபாகரன் ஒரு கடிதத்தை நீட்டினார். "சாய்தளம் போட்டா கதவு திறக்காதுங்க. கீழ இருந்து நாலு மேசையையும் பாக்கவும் முடியாதுங்க. அதனால பாப்பாவைக் கோயம்புத்தூர் ஆபீசுல ரெக்கார்டு ரூமுக்கு மாத்தியிருக்குதுங்க. இருபத்தி நாலாந் தேதியோட இங்க முடிஞ்சுது."

"பாப்பா இல்ல சார். என் பேரு முப்பிடாதி" என்றாள். கடிதத்தை வாங்கவில்லை. "நான் காத்தாடி பாக்கப் படிச்சவ. பழைய ஃபைலுக்குத் தூசி தட்ட இல்ல."

நான் மேடையிலிருந்து இறங்கினேன். இறங்கிய விதத்தை ஓவியமாகத் தீட்டலாம். "சார், அவ மேடைக்கு ஏற வேண்டாம். மேடை அவகிட்ட எறங்கி வரும்."

"எப்படிங்க வரும்?"

எப்படி வரும் என்று எனக்கும் தெரியவில்லை. ஆனால் வாய் முந்திக்கொண்டது. "ஸ்டோர்ல மூணு கே.வி.எம். சுவிட்ச் பெட்டி பிரிக்காம கெடக்கு. ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ், மூணே மூணு திரை. அதை வச்சுக்கிட்டுக் கதவு பக்கத்துல கீழ உக்காந்தே நாலு கம்ப்யூட்டரையும் ஓட்டுவா."

கிருபாகரன் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "சரிங்க. இருபத்தி நாலாந் தேதி நானே ஒரு மணி நேரம் உக்காந்து பாக்கறேன். ஒரே ஒரு தப்பான உத்தரவு போனாலும், பாப்பா கோயம்புத்தூர்."

"முப்பிடாதி" என்றாள் அவள் மறுபடியும்.

ஜூன் 6, செவ்வாய்

பெட்டிகளைத் தூசி தட்டினேன். மூன்று முறை தும்மினேன். தென்காசியில் மழை பெய்ததாகக் கேள்வி.

இரவு வீட்டில் சங்கரவடிவு சப்பாத்தி போட்டாள். என் மனைவிக்கு ஒரு சந்தேகம்: "வாரத்துக்கு நாலு நாள் கடைப் பரோட்டா திங்குத மனுஷன், இப்ப அந்தப் பேரே எடுக்க மாட்டேங்கீய?" கொழுப்பு, டாக்டர் சொன்னார் என்றேன். "எந்த டாக்டரு?" என்றாள். தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

ஜூன் 8, வியாழன்

தோல்வி என்று எழுத மாட்டேன். மாபெரும் வெற்றி, ஆனால் வேறொரு போரில்.

கே.வி.எம். சுவிட்ச் என்பது எளிய சமாசாரம். ஒரு பெட்டிக்குள் நான்கு கம்ப்யூட்டரின் வயர்களும் போகும். வெளியே ஒரு திரை, ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ். பெட்டியின் பொத்தானை அழுத்த அழுத்த, திரையும் கீபோர்டும் அடுத்த கம்ப்யூட்டருக்குத் தாவும். ஒருவனே நான்கு வீட்டில் பந்தியில் உட்காருவது மாதிரி.

நம்மிடம் மூன்று பெட்டி. நான் என்ன செய்தேன்? முதல் பெட்டிக்குள் இரண்டாவதைச் சொருகினேன், இரண்டாவதற்குள் மூன்றாவதை. யானைகள் வாலைப் பிடித்து நடப்பது போல வரிசையாக. மூன்று மணி நேர வேலை. முடித்துவிட்டுக் கணக்குப் போட்டால் பத்து கம்ப்யூட்டர்களை ஆளலாம்.

கீழே மேசையருகில் உட்கார்ந்திருந்த முப்பிடாதி கேட்டாள்: "மாமா, நம்மகிட்ட கம்ப்யூட்டர் நாலுதான?"

"ஆமா."

"திரை எத்தனை தெரியுது?"

பார்த்தேன். ஒன்று.

"நமக்குக் கம்ப்யூட்டர் கூட வேண்டாம் மாமா, திரைதான் கூட வேணும். யானை ஒண்ணு பின்னால ஒண்ணு போகக் கூடாது. பக்கத்துல பக்கத்துல நிக்கணும்."

அதைத்தான் நாளைக்குச் செய்வதாக இருந்தேன் என்றேன்.

ஜூன் 9, வெள்ளி

பிரித்தேன். சொருகியதைவிடப் பிரிப்பதில் எனக்குக் கைராசி அதிகம்.

ஜூன் 10, சனி

இன்றைய ஏற்பாடு: முதல் பெட்டிக்கு நான்கு கம்ப்யூட்டர்களின் இடத்திரை. இரண்டாவதற்கு நான்கின் நடுத்திரை. மூன்றாவதற்கு நான்கின் வலத்திரை. கீபோர்டும் மவுஸும் முதல் பெட்டியில் மட்டும். மற்ற இரண்டும் படம் காட்ட மட்டும், மாப்பிள்ளைத் தோழர்கள் மாதிரி.

பன்னிரண்டு வீடியோ வயர்கள் மேடையிலிருந்து படி வழியாக இறங்கின. அறைக்குள் அனந்தசயனம் நடப்பதுபோல் இருந்தது. பாம்பு மட்டும் பன்னிரண்டு. எது எதனுடையது என்று தெரியாமல் நான் ஒரு வயரை நோக்கிச் சொற்பொழிவு ஆற்றிக்கொண்டிருந்தபோது முப்பிடாதி மடியில் டேப் சுருள்களோடு வந்தாள்.

"முதல் கம்ப்யூட்டருக்குச் சிவப்பு, ரெண்டாவதுக்கு மஞ்சள், மூணாவதுக்கு நீலம். மூணு ஃபேஸ் மாதிரி. எலெக்ட்ரீசியன் யாரு வந்தாலும் புரியும்."

"நாலாவதுக்குப் பச்சை."

"பச்சை எர்த்து மாமா. எவனாவது எர்த்துன்னு நெனச்சுப் புடுங்கிருவான்."

"அப்ப கறுப்பு."

"கறுப்பு நியூட்ரல். கத்திரிப்பூ நிறம் வைப்போம். அதை எவனும் எதுன்னும் நெனைக்க மாட்டான்."

ஒட்டினோம். வேலை செய்தது. கீழே ஒரே மேசையில் மூன்று திரைகளிலும் சிவப்புக் கம்ப்யூட்டர் முழுசாக வந்து நின்றது. ஒரே குறை, கம்ப்யூட்டர் மாற்ற மூன்று பெட்டிகளையும் தனித்தனியே அழுத்த வேண்டும். ஒன்றை மறந்தால் பட்டியல் ஒரு கம்பெனிக்கும் கோளாறு இன்னொரு கம்பெனிக்கும் வரும்.

பெட்டியோடு ஆளுக்கொரு வயர்ப் பொத்தான் கொடுத்திருக்கிறார்கள், தூரத்திலிருந்து அழுத்த. மூன்று பொத்தானையும் வெட்டி எறிந்து, மூன்று வயரையும் ஒரே பொத்தானில் சேர்த்தால்? ஒரே அழுத்தில் மூன்றும் தாவும். ஆனால் பெட்டியோடு வந்த பொத்தான்கள் மிளகு சைஸ். சாம்ராஜ்யத்துக்குத் தகுந்த பொத்தான் வேண்டும்.

ஜூன் 11, ஞாயிறு

சங்கரவடிவு கோவிலுக்குப் போயிருந்தபோது எங்கள் வீட்டுக் காலிங்பெல் காணாமல் போயிற்று. வட்டமான வெள்ளைப் பொத்தான், நடுவில் மணிப் படம். திருடன் சுவரில் இரண்டு ஓட்டைகளை மட்டும் விட்டுச் சென்றிருக்கிறான். போலீசுக்குப் போக வேண்டாம் என்று நான் பெருந்தன்மையோடு சொன்னேன்.

"உங்க சட்டப்பையில ஸ்க்ரூ டிரைவர் என்னத்துக்கு?" என்றாள்.

ஜூன் 13, செவ்வாய்

அழுத்தினேன். மூன்று திரைகளும் ஒன்றாகச் சிவப்பிலிருந்து மஞ்சளுக்குத் தாவின. மறுபடி அழுத்தினேன், நீலம். மறுபடி, கத்திரிப்பூ. இமயமலையைத் தோளில் தூக்கி வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாற்றியவனுக்குக்கூட இந்தச் சுகம் தெரிந்திருக்காது.

முப்பிடாதி பதினைந்து முறை அழுத்தினாள். பதினாறாவது முறை நடுத்திரை மட்டும் பின்தங்கியது. நடுப்பெட்டி மற்ற இரண்டைவிடப் பழைய சரக்கு. வேகமாக அழுத்தினால் அதற்குக் காது கேட்பதில்லை.

"மெதுவா அழுத்தணும் மாமா. வயசானவங்ககிட்டப் பேசுத மாதிரி."

என்னைப் பார்த்துச் சொன்னாளா, பெட்டியைப் பார்த்துச் சொன்னாளா என்பதை ஆராய்ச்சியாளர்கள் முடிவு செய்யட்டும்.

ஜூன் 15, வியாழன்

அமைதியான நாள். காலையில் பணியைத் தனியாளாகக் கீழ்மேசையிலிருந்தே நடத்தினேன். முப்பிடாதிக்கு ஆஸ்பத்திரியில் பயிற்சி நாள்.

பதினொன்றே முக்கால் வாக்கில் நீலத்தின் இருபத்துமூன்றாம் காற்றாடி சற்று ஓய்வெடுத்தது. நல்ல காற்றுதான். இருந்தாலும் இயந்திரத்துக்கும் மனசு உண்டு. எட்டு நிமிடத்தில் மறுபடி எழுந்தது. குறிப்பிடத் தகுந்தது வேறெதுவும் இல்லை.

ஜூன் 16, வெள்ளி

முப்பிடாதி வந்ததும் வராததுமாக நேற்றைய பதிவேட்டைத் திறந்தாள். இந்தப் பெண்ணுக்குப் பிறரை நம்பும் குணம் போதாது.

"நீலம் இருபத்திமூணு ஏன் நின்னுச்சு?"

"ஓய்வு."

"பதினொண்ணு நாப்பத்திரெண்டு. நிறுத்துன ஆளு, ஆவுடையப்பன்னு போட்டிருக்கு."

பதிவேடு என்பது எவ்வளவு கேவலமான கண்டுபிடிப்பு!

நடந்தது இதுதான், எழுதித் தொலைக்கிறேன். மஞ்சளில் இருந்தேன். நீலத்துக்குப் போகப் பெல்லை அவசரமாக அழுத்தினேன். இடமும் வலமும் நீலத்துக்குப் போயின. நடு மட்டும் மஞ்சளிலேயே நின்றது. நடுத்திரையில் ஒரு காற்றாடி சூடேறிக் கொதித்தது. நான் எலி பிடிக்கிறவன் இல்லை, மவுஸைத் தொடுவதில்லை. நான்கு கம்ப்யூட்டரிலும் எஃப் எட்டு என்றால் நிறுத்து, எஃப் ஒன்பது என்றால் ஓட்டு என்று ஒரே மாதிரி விசை அமைத்து வைத்திருக்கிறேன், அது என் பெருமை. எஃப் எட்டைத் தட்டினேன். கண் பார்த்தது மஞ்சள். கை போனது நீலத்துக்கு. கொதித்தது கொதித்துக்கொண்டே இருந்தது. அங்கே சும்மா சுற்றிக்கொண்டிருந்த இருபத்துமூன்று நின்றுவிட்டது.

முப்பிடாதி சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "இது இருபத்தி நாலாந் தேதி நடந்தா நான் கோயம்புத்தூரு" என்றாள்.

பிறகு ஒரு மணி நேரம் அவள் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தாள். சிவப்புக் கம்ப்யூட்டரின் மூன்று திரைகளிலும் மேல்விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்குச் சிவப்புப் பட்டை. மஞ்சளுக்கு மஞ்சள். எல்லாவற்றுக்கும் அப்படியே. கேபிளில் ஒட்டிய டேப் திரையிலும் ஏறிவிட்டது.

"இனிமே சட்டம் இதுதான். பெல்லை அழுத்துனா கை மடிக்கு வரணும். மூணு பட்டையையும் பாக்கணும். வாய்விட்டுச் சொல்லணும், 'மூணும் மஞ்சள்'னு. சொன்ன பொறவுதான் கீபோர்டு. ஒண்ணு மாறியிருந்தா எந்தப் பெட்டி பின்தங்குச்சோ அந்தப் பெட்டியோட பொத்தானைத் தனியா ஒரு தடவை."

"அந்த எஃப் எட்டு, எஃப் ஒம்பதையும் மாத்திருங்க மாமா. ஒவ்வொண்ணுக்கும் வேற வேற விசை வைங்க" என்றும் சொன்னாள்.

அதை மட்டும் மறுத்துவிட்டேன். மன்னருக்கு ஒரு கிரீடமாவது இருக்க வேண்டாமா?

ஜூன் 19, திங்கள்

மூணும் சிவப்பு. மூணும் மஞ்சள். மூணும் நீலம். காலையிலிருந்து மாலை வரை இருவரும் பஜனை கோஷ்டி போலச் சொல்லிக்கொண்டிருந்தோம். நூற்று அறுபது தடவை மாற்றினோம். ஆறு தடவை நடுப்பெட்டி பின்தங்கியது. ஆறையும் பிடித்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் வாசலில் யாரோ பொட்டலம் பிரித்திருப்பார்கள் போல, சால்னா வாசம் வந்தது. முப்பிடாதி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஏதோ சினிமாக் கதை சொல்வதுபோலச் சொன்னாள்: "அன்னைக்கு எல்லாம் கொட்டிப்போச்சு மாமா. ஆஸ்பத்திரியில நர்சு கேட்டாங்க, என்னம்மா இது ரத்தமா சால்னாவான்னு."

நான் அவளுக்கு ஹெச்.டி.எம்.ஐ. வயரின் வரலாற்றை விளக்கினேன். நீண்ட வரலாறு. பாதி நானே உண்டாக்கியது.

ஜூன் 20, செவ்வாய்

வீட்டுக்கு வருகிறவர்கள் கதவைக் கையால் தட்டுகிறார்கள். சங்கரவடிவு என்னை அதே பார்வையால் தட்டுகிறாள்.

ஜூன் 22, வியாழன்

சண்டை. எனக்கும் முப்பிடாதிக்கும்.

கிருபாகரன் வந்து வயர்களைப் பார்த்தார். பெல்லைப் பார்த்தார். "என்னங்க ஆவுடையப்பன், கம்பெனிக் கண்ட்ரோல் ரூமுல வீட்டு மணியைக் கொண்டாந்து மாட்டியிருக்கீங்க! நூத்திப் பன்னெண்டு மெசினை இதுல நம்பி உடறதுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நான் உடனே இன்னும் இரண்டு திட்டங்களை வீசினேன்: மேடையையே இடிப்பது, இல்லையென்றால் நானும் ராஜினாமா செய்து நூற்றுப் பன்னிரண்டு காற்றாடிகளையும் என் பின்னால் அழைத்துக்கொண்டு போய்விடுவது.

"மாமா, எதுக்கு இந்தப் பாடு?" என்றாள் அவள். "எனக்காவ நீங்க வேலைய விடணும்னு நான் கேட்டனா?"

"எனக்குப் படியேற சோம்பேறித்தனம். கீழ உக்காந்தா சொகம். அதுக்குத்தான்."

"பொய். பிப்ரவரியில இருந்து நீங்க என் மூஞ்சியப் பாத்துப் பேசல. வயரப் பாத்துப் பேசுதீய. திரையப் பாத்துப் பேசுதீய. எனக்குப் பரிதாபம் வேண்டாம் மாமா. பரிதாபத்துல கெடச்ச சீட்டுல நான் உக்கார மாட்டேன். சனிக்கிழம நான் ஜெயிச்சா அது நான் ஜெயிச்சதா இருக்கணும். நீங்க பக்கத்துல வாயத் தொறக்கக் கூடாது."

"ஒரு மணி நேரம் வாயத் தொறக்காம நானா?"

"நீங்கதான்."

ஒத்துக்கொண்டேன். மனிதகுல வரலாற்றில் இதைவிடப் பெரிய தியாகம் நடந்ததாகத் தெரியவில்லை.

ஜூன் 23, வெள்ளி

காற்று பலமாக இருக்கிறது. டேப்புகளை இன்னொரு சுற்று இறுக்கினேன். வேறு எதையும் இறுக்க முடியவில்லை.

ஜூன் 24, சனி

வரிசையாக எழுதுகிறேன். எழுத்து கோணல். காற்றினால்தான்.

பத்து மணிக்குக் கிருபாகரன் நாற்காலி போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார், கையில் ஸ்டாப்வாட்ச். நான் மேடைப் படியில், கைக்குட்டையை வாய்க்குள் வைக்காத குறையாக.

அவள் முதல் வேலையாகக் கத்திரிப்பூவுக்குப் போய் ஒன்பதாம் காற்றாடியைத் திறந்து பார்த்தாள். அங்கே இரண்டு டெக்னீசியன்கள் கோபுரத்தின் உச்சியில் எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஏறியதைப் பதிவேட்டில் எழுதினாள். பிறகு பெல். கை மடிக்கு. "மூணும் சிவப்பு."

நாற்பது நிமிடம். நான்கு கம்ப்யூட்டர்களையும் சுற்றி வந்தாள். பதினேழு கோளாறுகள், கத்திரிப்பூவில் மட்டும் எதுவும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் அதே பஜனை. கிருபாகரனுக்குச் சலித்துவிட்டது. தப்பு கண்டுபிடிக்க வந்தவர் சும்மா உட்கார்ந்திருப்பது கொடுமைதானே.

"ஒவ்வொரு தடவையும் என்னங்க இது மந்திரம்? காத்து போய்ட்டே இருக்குதுங்க. நகருங்க, நான் பாக்கறேன்."

பெல்லின் மேல் விரலை வைத்தார். இந்த மனிதர் வாழ்நாளெல்லாம் மேசை மணியை அழுத்தி ஆள் கூப்பிட்டவர். எப்படி அழுத்துவார்? ட்ரிங் ட்ரிங் ட்ரிங். மூன்று தடவை, மூச்சு விடாமல், டீ வரவில்லை என்பதுபோல.

இடத்திரை சிவப்பிலிருந்து தாவித்தாவிக் கத்திரிப்பூவில் போய் நின்றது. வலத்திரையும் கத்திரிப்பூ. நடுத்திரை ஒரு தாவல் பின்தங்கி நீலத்தோடு நின்றுவிட்டது. அதில், "காற்றாடி 17 நின்றுவிட்டது. கோளாறு நீங்கியது. ஓட்டலாம்" என்று எழுத்து கண்சிமிட்டியது.

"பாருங்க, பதினேழு ரெடியா நிக்குது! நல்ல காத்து. எஃப் ஒம்பது அடிங்க!"

அவள் கை மடியில் இருந்தது. எடுக்கவில்லை.

"மூணும் ஒண்ணா இல்ல சார்."

"அட, கண்ணு முன்னால ஓட்டலாம்னு எழுதியிருக்குதுங்க. அடிங்க!"

"மாட்டேன் சார்."

"நான் மேனேஜர் சொல்றேன்!"

"நீங்க யாரு சொன்னாலும் மூணும் ஒண்ணாகாம அடிக்க மாட்டேன்."

கிருபாகரன் கையை நீட்டினார், தானே தட்ட. நான் வாயைத் திறந்தேன்; இருபத்திரண்டாம் தேதி ஒப்பந்தம் நினைவுக்கு வந்தது; மூடினேன். அதற்குள் முப்பிடாதி கீபோர்டை மேசையிலிருந்து வெடுக்கென்று இழுத்து மடியில் வைத்து, இரண்டு முழங்கைகளாலும் மூடிக்கொண்டாள். மேலாளரின் விரல் வெறும் பலகையில் டொக்கென்று விழுந்தது.

அவள் நடுப்பெட்டியின் பொத்தானைத் தனியாக ஒரு தடவை அழுத்தினாள். நடுத்திரை கத்திரிப்பூவுக்கு வந்தது. "மூணும் கத்திரிப்பூ" என்றாள். நடுத்திரையில் தெரிந்தது அவள் காலையில் திறந்துவைத்த ஒன்பதாம் காற்றாடி. ஆட்கள் மேலே இருக்கும் காற்றாடி.

"நான் அடிச்சிருந்தா உத்தரவு இதுக்குத்தான் போயிருக்கும் சார். கீபோர்டு இடப்பெட்டியில இருக்கு, படத்துல இல்ல."

கிருபாகரன் முகத்தில் ரத்தம் இல்லை. "கீழ கோபுரத்துல மெசின் ஓடாதபடி பூட்டுப் போட்டிருப்பாங்கல்லங்க?" என்றார், கேள்வியாக.

"போட்டிருப்பாங்க. அந்தப் பூட்டை நம்பி நாம உக்காந்திருந்தா, நாம எதுக்கு சார்?"

பிறகு பெல்லை மெதுவாக ஒன்று, இரண்டு, மூன்று என்று அழுத்தி, "மூணும் நீலம்" என்று சொல்லி, பதினேழை ஓட்டினாள். வெளியே தூரத்தில் ஒரு காற்றாடி சோம்பல் முறித்துச் சுற்ற ஆரம்பித்தது. கிருபாகரன் ஸ்டாப்வாட்சை நிறுத்த மறந்திருந்தார்.

ஒரு மணி நேரம் முடிந்ததும் எழுந்தார். சட்டைப்பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து நான்காக மடித்து அதே பைக்குள் வைத்தார். வாசலில் நின்று திரும்பினார்.

"அந்தப் பொத்தானையும் நடுப்பெட்டியையும் மாத்துங்க. நல்லதா, அவசரமா அழுத்தினாலும் கேக்கற மாதிரி. ஸ்டோர்ல நான் எழுதித் தர்றேன்." பிறகு, கொஞ்சம் சிரமப்பட்டு, "வர்றனுங்க, முப்பிடாதி."

அவர் போன பின் நான் ஆட ஆரம்பித்தேன். மேடையில் ஆடினேன், படியில் ஆடினேன். பக்கத்துத் தோட்டத்தில் மயில்கள் வெட்கப்பட்டன.

"இப்பப் பேசலாம் மாமா" என்றாள்.

நான் வயர்களைச் சரிபார்க்கப் போய்விட்டேன்.

ஜூன் 25, ஞாயிறு

பெல்லை வீட்டில் மறுபடி மாட்டினேன். சங்கரவடிவு பத்து தடவை அழுத்திப் பார்த்தாள். "திருடன் நல்லவன் போல" என்றாள்.

மத்தியானம் பண்ணைக்குப் போய் நான்கு கம்ப்யூட்டரிலும் எஃப் எட்டு, எஃப் ஒன்பதை எடுத்துவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு விசை. யாரும் கேட்கவில்லை, நானாகவே. கிரீடம் தலையில் அரித்தது.

ஜூன் 26, திங்கள்

முப்பிடாதியின் முதல் முழு ஷிப்ட். கீழ்மேசை இனி அவளுடையது. புதுப் பெட்டியும் பொத்தானும் வந்துவிட்டன, பொத்தான் பச்சை நிறத்தில். பச்சை எர்த்து என்று சொல்லிக் கத்திரிப்பூ டேப்பைச் சுற்றிவிட்டாள்.

ஒரு மணிக்கு என்னைக் கூப்பிட்டாள். என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். நானும் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"மாமா, பசிக்கி. சொரண்டைக்குப் போயி ரெண்டு பரோட்டா வாங்கிட்டு வாங்க. உங்களுக்கு ரெண்டு. சால்னா தனியா."

"கேன்டீன்ல சாப்பாடு இருக்கே."

"எனக்குப் பரோட்டாதான் வேணும். அன்னைக்கு உங்களுக்கும் கேன்டீன்ல சாப்பாடு இருந்துச்சுல்ல."

ஆமாம். இருந்தது. பிப்ரவரி ஒன்பதாம் தேதி, சாயங்காலம் ஐந்து மணி. தக்காளி சாதம். எனக்குத்தான் வாய் கேட்கவில்லை. ஷிப்ட் முடிந்து கிளம்பிக்கொண்டிருந்தவளை, "ஏட்டி, ஒரு எட்டுப் போயிட்டு வா, நாலு பரோட்டா" என்று அனுப்பியது நான்தான். இந்த டைரியில் இத்தனை நாள் பன்னிரண்டு திரைகளைப் பற்றி எழுதினேன். இந்த ஒரு வரியை எழுதவில்லை.

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. மன்னிப்பதாகவும் சொல்லவில்லை. பசிக்கிறது என்றாள், அவ்வளவுதான். சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தி, கையை மடியில் வைத்து, "மூணும் மஞ்சள்" என்று தன் வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

சாவியை எடுத்தேன். அந்தச் சாலையில் நான்கு மாதமாக நான் போனதில்லை, சுற்றி வேறு வழியில் போவேன். ஒன்பது கிலோமீட்டர். லாரிகள் வந்தன, அவற்றை முறைத்தேன், ஒதுங்கின. வளைவில் இறங்கி நின்றேன். அங்கே ஒன்றும் இல்லை, கொஞ்சம் உடைந்த கண்ணாடியும் காற்றும் மட்டும். கடையில் சால்னாவை இரண்டு கவரில் கட்டச் சொன்னேன், மூன்றாவது கவரும் கேட்டேன். மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். திரும்பும்போது சைக்கிளில் போன ஒரு கிழவர் என்னை முந்தினார். அவருக்கு என்ன அவசரமோ.

இரண்டரை மணிக்குப் பொட்டலத்தை அவள் மேசையில் வைத்தேன். பிரித்தாள். எனக்கு இரண்டை நகர்த்தி வைத்தாள். நான்கு மாதத்துக்குப் பிறகு சாப்பிட்டேன். டாக்டர் யாரும் தடுக்கவில்லை.

பண்ணையிலிருந்து சுரண்டைக்கும், சுரண்டையிலிருந்து பண்ணைக்கும், பதினெட்டு கிலோமீட்டர். சால்னா ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. வரலாறு குறித்துக்கொள்ளட்டும்.